உதைக்காத துப்பாக்கி

முதல் ரிவால்வர் வெடித்த வேகத்தில் மேலே எகிறி, டெல்பர்ட்டின் தொப்பியையே தட்டிவிட்டது. ஓக்லஹோமாக் காற்று அதைக் கொண்டுபோய் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டது.

"நாப்பத்தஞ்சு காலிபர் உங்களுக்கு ஒத்துவராது சார்," என்றாள் ஓப்பல். தோட்டா போட்டுக் கொடுப்பதும், சுட்டபின் வாங்கித் திறந்து பார்ப்பதும் அவள் வேலை. வேறு யாரும் அதைச் செய்யக் கூடாதென்பது அந்தத் துப்பாக்கி கிளப்பின் விதி.

டெல்பர்ட்டுக்கு அறுபத்திரண்டு வயது; சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுமே, அந்த உதைக்குப் பயம். வெடிக்குமுன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் காதுவரை ஏறிவிடும். சனிக்கிழமை பழந்துப்பாக்கி ஜோடிப் போட்டி. ஒரு குண்டாவது இன்று குறிக் காகிதத்தில் படாவிட்டால், அவர் மனைவி மேக்ஸினுக்கு ஜோடி பல் டாக்டர் கார்லண்ட் என்று செயலாளர் சொல்லிவிட்டார். கார்லண்ட் மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டு வந்து தயாராக நின்றார்.

"முப்பத்தெட்டு தரட்டுமா? உதை பாதிதான்."

பாதி உதைக்கே குண்டு தாழப் போய், காகிதம் மாட்டியிருந்த மரச்சட்டத்தின் கால் முறிந்தது.

"முப்பத்திரண்டு?"

"குடு," என்றார் டெல்பர்ட் அலுப்போடு. இந்த முறை முன்ஜாக்கிரதையாக மேக்ஸினின் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டார். விரல் விசை வளையத்துக்குள் நுழையவே இல்லை.

"சத்தந்தாங்க உங்களை மிரட்டுது," என்றார் கார்லண்ட்.

காதில் பஞ்சு, அதன்மேல் காதுமூடி, அதன்மேல் இன்னொரு காதுமூடி. இப்போது ஓப்பல் சொல்வது எதுவும் கேட்கவில்லை. அவள் கையாலேயே இருபத்திரண்டு என்று காட்டினாள். நூறு வயதைத் தாண்டிய சின்ன ரிவால்வர். ஐந்து தோட்டா போட்டுக் கொடுத்தாள்.

மேக்ஸின் தன் நாற்பத்தைந்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தடத்தில் வந்து நின்றாள். "நானும் கூடவே சுடறேன். தனியா சுட்டா நீ பதறுவே!" என்று அவர் காதருகே கத்தினாள்.

டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு விசையை ஐந்து முறை இழுத்தார். பஞ்சுக்கு அப்பால் ஐந்து முறை இடி இடித்தது. கை இம்மி அசையவில்லை.

கண்ணைத் திறந்தார். அவர் காகிதத்தின் நடுவில் ஐந்து ஓட்டைகள்; காபிக் கோப்பையால் மூடிவிடலாம். இத்துனூண்டு துப்பாக்கிக்கு இவ்வளவு பெரிய ஓட்டையா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. மேக்ஸினின் காகிதமோ சலவைக்குப் போய் வந்ததுபோல் இருந்தது.

செயலாளர் டெல்பர்ட்டின் பெயரை எழுதிக்கொண்டு போனார். கார்லண்ட் மீசையோடு பின்தொடர்ந்தார்.

காதிலிருந்ததை எல்லாம் கழற்றினார் டெல்பர்ட். "உதையே இல்ல மேக்ஸின்! அது சரி, உனக்கு என்னாச்சு? ஒண்ணுகூடப் படலையே."

"வயசாகுதில்ல," என்றாள் மேக்ஸின்.

"அந்தப் பீரங்கிய விட்டுத்தொலை. நீயும் இதுமாதிரி சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ. பிடிக்கறது எப்படின்னு நான் சொல்லித்தரேன்."

"சொல்லிக்குடு."

டெல்பர்ட் ரிவால்வரை ஓப்பலிடம் நீட்டினார். "இதையே எடுத்துக்கறேம்மா. உதைக்காத துப்பாக்கின்னா இதுதான்."

ஓப்பல் அதைத் திறந்து பார்த்தாள். மேக்ஸினைப் பார்த்தாள். மேக்ஸின் வானத்தைப் பார்த்தாள்.

"எப்படி சார் உதைக்கும்? நான் போட்ட அஞ்சு தோட்டாவும் வெடிக்காம அப்படியே இருக்கே!"