பதினொரு நாள் பழைய கறிவேப்பிலை

என் வாழ்நாளில் நான் தொடங்கி முடித்த ஒரே புனைவு ஓர் உணவுக் குறிப்பேடு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தமிழிலக்கியத்தில் முதுகலை ஆய்வு செய்பவள் நான். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் இன்றுவரை அதன் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. உணவுக் குறிப்பேடோ ஒன்பது வாரங்களில், ஓர் ஒற்றுப்பிழையும் இன்றி நிறைவுற்றது. அதற்கு ஒரேயொரு வாசகிதான். அவர் அதன் ஒவ்வொரு சொல்லையும் நம்பினார். நம்பியதால் நேர்ந்ததுதான் இந்தக் கதை.

கருவுற்ற ஆறாம் மாதத்தில் இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாகப் பரிசோதனை சொன்னது. வைத்தியர் என்னை ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். எங்கள் வீடு இருக்கும் கொழும்பு வெள்ளவத்தையிலேயே பலர் இருக்க, நான் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தையில் ஒருவர் மருந்துக் கடைக்குள் நுழைந்தால், அவர் வெளியே வருவதற்குள் அவருக்கு என்ன வருத்தம் என்ற செய்தி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடும்.

மறைப்பதற்குக் காரணம் இருந்தது. கல்யாணப் பேச்சின்போது மாமி, அதாவது என் கணவர் சேந்தனின் தாயார், என் அம்மாவிடம், "உங்கட பக்கத்தில சலரோகம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருந்தார். அம்மா ஒரு கணமும் தாமதிக்காமல், "சீச்சீ" என்றார். அருகில் அப்பா, சட்டைப் பையில் சீனி வருத்தத்துக்கான மாத்திரை அட்டையுடன், அமைதியாகத் தலையாட்டினார். (எங்கள் குடும்பத்தில் சலரோகமும் பொய்யும் பரம்பரை, இரண்டும் ஒரே தலைமுறையில் வெளிப்படும்.) இப்போது எனக்குச் சீனி என்றால் அம்மாவின் பொய் அம்பலமாகும். ஆகவே குழந்தை பிறக்கும்வரை மாமிக்குத் தெரியவேண்டாம் என்று நானும் சேந்தனும் முடிவு செய்தோம். மாமி எங்களுடன்தான் இருந்தார். சமையலறை அவருடைய ஆட்சியில் இருந்தது. இந்தச் சிறிய நுணுக்கத்தை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

உணவு ஆலோசகர் பர்ஹானா மிஸ் மெலிந்த, உரத்துப் பேசாத பெண். மருந்துக் கடை ஒன்றின் மேல்மாடியில், மகப்பேற்று வைத்தியரின் அறைக்கு அடுத்த அறையில் இருப்பார். கைப்பிடி சிவப்பரிசிச் சோறு, இலைக்கறி, பருப்பு, ஒரு துண்டு மீன் என்று பட்டியல் எழுதித் தந்தார். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுப் பீங்கானைப் படம் பிடித்து, சாப்பிட்டதைக் கீழே எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். நான் பணிவோடு ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே மாமி நல்லெண்ணெயும் பனங்கட்டியும் பளபளக்க உளுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இடுப்புக்குப் பலம். ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணும், விளங்குதோ?"

எனக்கு எவரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அப்படிச் சொல்ல நேர்ந்தால், முதலில் காரணத்தை முறையாக அமைத்து, அதன் பிறகுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் களி என் வாய்க்குள் இருந்தது. மறுநாள் இராசவள்ளிக் கிழங்கு. அதற்கடுத்த நாள் சீனி தூவிய குழல் பிட்டு. நான் கருவுற்றிருப்பதை மாமி சொல்லக் கேட்டு, கீழ்மாடி வீட்டார் ஒரு கிண்ணம் இனிப்பு வட்டிலப்பமும் அனுப்பினார்கள்.

இப்படித்தான் புனைவு பிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் மாமி கோயிலுக்குப் போய்வர இரண்டு மணிநேரம் ஆகும். அந்த நேரத்தில் பட்டியலில் உள்ளவாறே ஒரு பீங்கானை அலங்கரிப்பேன். யன்னலோரம் வைத்தால் மதிய உணவு. மின்விளக்கின் கீழ் வைத்தால் இராச்சாப்பாடு. நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து ஒரு வாரத்துக்கும், சில வேளை இரண்டு வாரத்துக்கும் சேமித்துக்கொள்வேன். (அந்தப் பீங்கானை முடிவில் சாப்பிட்டது நானல்ல, சேந்தன். அவர் மெலிந்துபோனதற்கு மாமி என்னைத்தான் குறைசொன்னார்.) படத்தின் கீழ் அளவாக எழுதுவேன்: "வல்லாரைச் சம்பல், தேங்காய்ப்பூ குறைவாக. பருப்பில் பால் விடவில்லை. பசி தணிந்தது."

"உங்கள மாதிரி ஒழுங்கா எழுதுற ஒருத்தரும் என்கிட்ட வாறதில்ல, தங்கச்சி," என்று பர்ஹானா மிஸ் சொன்னபோது, வெட்கப்பட வேண்டிய நான் பெருமைப்பட்டேன். என் ஆய்வு மேற்பார்வையாளர் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் சீனி குறையவில்லை. இரண்டு வாரத்துக்கொரு முறை அங்கே இரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் கூடியே இருந்தது. பர்ஹானா மிஸ் குழம்பினார். சோற்றைப் பாதியாக்கினார். வாழைப்பழத்தை நிறுத்தினார். பின்னர் பருப்பையும் குறைத்தார். நானும் நேர்மையாக, படத்திலிருந்த சோற்றைப் பாதியாக்கினேன். வீட்டில் களி குறையவில்லை. வயிற்றிலிருந்த குழந்தை மாதத்துக்கு மிஞ்சிப் பெருத்திருப்பதாக ஸ்கேன் சொன்னது.

ஒருநாள் மிஸ் என் முன்னாலேயே வைத்தியருக்குக் கடிதம் எழுதினார். இவருடைய உணவுப் பழக்கத்தில் குறை காண முடியாது, இனி உணவால் மட்டும் கட்டுப்படுத்த இயலாது என்பது அதன் சாரம். உண்மையைச் சொல்ல அதுவே தருணம். நான் வாக்கியத்தை மனதில் அமைத்தேன். எழுவாய் கிடைத்தது, பயனிலை கிடைக்கவில்லை. இன்சுலின் தந்தார்கள். அடுத்த முறை அதன் அளவைக் கூட்டினார்கள். ஊசிப் பேனையை மாமி ஒருபோதும் திறக்காத தமிழகராதியின் பின்னால் ஒளித்து வைத்தேன்.

எட்டாம் மாதத்தில், இறந்துபோன உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்காக மாமி யாழ்ப்பாணம் போனார். அடுத்த நாள் காலை எனக்குக் கொட்டாஞ்சேனையில் தவணை இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு என் பீங்கானுக்கு நானே அதிபதி. இன்றிலிருந்து பொய்யில்லை என்று முடிவெடுத்தேன். ஊசி போட்டேன். படத்தில் இருந்த அளவையே, ஒரு கரண்டியும் கூட்டாமல் சாப்பிட்டேன். படம் பிடித்தேன். அந்த ஒரு படம் மட்டுமே உண்மையானது என்ற மனநிறைவோடு பஸ் ஏறினேன்.

புறக்கோட்டையில் இறங்கும்போது கைகள் நடுங்கின. அடுத்த பஸ்ஸில் வியர்வை முதுகை நனைத்தது. மேல்மாடிப் படிகளில் ஏறியதை இப்போதும் என்னால் நினைவுகூர முடியவில்லை. கதிரையில் அமர்ந்ததும் பர்ஹானா மிஸ் என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"இன்டைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"படத்தில இருந்ததுதான், மிஸ்."

"அது ஒவ்வொரு நாளும் சாப்பிடுறதுதானே. இன்டைக்கு என்ன வித்தியாசம்?"

"இன்டைக்குச் சாப்பிட்டனான்," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான, மிகத் துல்லியமான வாக்கியம் அது. சொல்லிவிட்டுக் கதிரையிலிருந்து சரிந்தேன்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். என்னிடமிருந்து வாழைப்பழத்தைப் பறித்த அதே பெண் என் தலையை மடியில் ஏந்தி, தம் தேத்தண்ணிக் கோப்பையில் சீனியைக் கொட்டிக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார். என் கன்னத்திலும் காதிலும் சீனித் தண்ணீர் ஒட்டியிருந்தது. பேச முடிந்தவுடன் எல்லாவற்றையும் சொன்னேன். களி, கிழங்கு, கோயில், யன்னல். என்னைக் கட்டிலில் ஏற்றி, சேந்தனை வரச்சொல்லி அழைத்த பிறகு அவர் அதே தொலைபேசியில் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார்.

"இந்தக் கறிவேப்பில," என்றார் கடைசியில், "பதினொரு நாளா ஒரே இடத்துல கிடக்குது. நானும் பாக்கல்ல." பிறகு, ஏசாமல், களைத்த குரலில் சொன்னார்: "களிக்குக் கூட்டின ஊசிய இன்டைக்குக் களியில்லாமப் போட்டிருக்கீங்க. டொக்டர் இன்சுலின் தந்தது உங்களுக்கு இல்ல, தங்கச்சி. இந்தப் பீங்கானுக்கு."

அப்போது வைத்தியரின் அறையிலிருந்து தாதி குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியோடு வந்தார். வயிற்றில் இடப்பக்கம் வைத்தார். இரைச்சல் மட்டும் கேட்டது. வலப்பக்கம் நகர்த்தினார். மீண்டும் இரைச்சல். இன்னும் கீழே. தாதி சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும், ஆயினும் அந்தச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. பர்ஹானா மிஸ் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவருடைய கையும் குளிர்ந்திருந்தது. நான் அந்த அறையின் சுவரில் ஒட்டியிருந்த பழப் படங்களை எண்ணினேன். பத்தொன்பது பழங்கள். பத்தொன்பதாவதை எண்ணி முடித்த பிறகுதான் ஓடும் குதிரையின் குளம்படி போன்ற அந்தச் சத்தம் கேட்டது.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேந்தன் வந்தார். தொலைபேசியில் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாம் நாள் மாமி கட்டிலருகே வந்து நின்றார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு உம்மட அப்பா சீனியில்லாமல் வெறுந் தேத்தண்ணியெல்லோ குடிச்சவர்," என்றார் மாமி. "லட்டைத் திரும்பியும் பாக்கேல்லை. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கட்டி வைச்சனான். உமக்கு வந்திட்டுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் ஏன் களி கிண்டுறன்?"

ஒன்பது வாரப் புனைவு ஒரு கோப்பை வெறுந் தேத்தண்ணியில் கரைந்துபோனது.

மகள் நாள் நிரம்புமுன் பிறந்தாள். பிறந்தவுடன் அவளுக்கும் சீனி இறங்கியது. இரண்டு நாட்கள் மூன்று மணித்தியாலத்துக்கொரு முறை அவளுடைய குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் அழுதாள். நான் அருகிலிருந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. இப்போது அவளுக்கு இரண்டரை வயது, சுகமாக இருக்கிறாள்.

சேந்தனின் வீட்டில் இது நிரந்தரப் பகிடியாகிவிட்டது. எந்த விருந்திலும் என்னிடம், "சாப்பிட்டனீரோ, இல்லாட்டி எழுதினனீரோ?" என்று கேட்காமல் ஒருவரும் இலையை மடிப்பதில்லை. சேந்தன் கதையை அழகாகச் சொல்வார். கறிவேப்பிலை, அகராதிக்குப் பின்னால் ஊசி, "இன்டைக்குச் சாப்பிட்டனான்" எல்லாம் வரும். நான் தரையில் சரிந்ததையும் நடித்துக் காட்டுவார். அவர் நாளைத் தவறாகச் சொன்னால் திருத்துவேன். மீனின் பெயரைத் தவறாகச் சொன்னாலும் திருத்துவேன். கருவி வயிற்றின்மேல் நகர்ந்துகொண்டிருந்த அந்த நேரம் மட்டும் அவருடைய கதையில் வராது. அப்போது அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பர்ஹானா மிஸ்ஸும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் திருத்தாமல் சேர்ந்து சிரிப்பேன்.