ஹென்றிக் வாங்கிய மாப்பிள்ளைத் தட்டு

பேசாத ஆளை உலகம் விவரமான ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. நான் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டுமே.

நான் எட்டாவது ஃபெயில். சின்ன வெங்காயம் போடுகிறேன். உலக நாடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். அதற்கு உதவியும் செய்திருக்கிறேன். (சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.) அந்த உதவியில் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

பெரம்பலூர் தனி மாவட்டமாகி மூன்று நான்கு வருடம் இருக்கும். செட்டிகுளத்தில் நல்லதம்பி மாமா வெங்காய மண்டி வைத்திருந்தார். சரக்கைப் போட்டால் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். பணம் பிறகுதான். காத்திருக்க முடியாதவன் அந்தச் சீட்டை உரக்கடையில் கொடுத்து உரம் வாங்கிக்கொள்வான். உரக்கடைக்காரர் அதை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவார். கடைசியில் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மாமா பணம் கொடுப்பார். ஒரு சீட்டு மலை முருகன் உண்டியலில் விழுந்துவிட்டது. அதற்கும் கொடுத்தார்.

இதையெல்லாம் யாரும் யாருக்கும் எழுதித் தெரிவிப்பதில்லை. எங்கள் பக்கம் ரிஜிஸ்தர் தபால் வந்தால் ஒரே அர்த்தம்தான். கோர்ட்டு.

சீட்டு எழுதுவது மாமாவின் மகள் மலர்க்கொடி. ப்ளஸ் டூ பாஸ். எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரே நடையில் கொண்டுபோக வேண்டிய மூட்டையை மூன்று நடையாகக் கொண்டுபோவேன். மூன்று சீட்டு எழுதுவாள். மூன்றாவது சீட்டில் தலை நிமிர்ந்து, "இன்னும் இருக்கா?" என்பாள். "ம்" என்பேன். அதைத்தான் இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பெரியவர்கள் பேசி நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு பெரம்பலூர் உரக்கடையில் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரரும் மெட்ராஸ் வக்கீலம்மா ஒருவரும் உள்ளே வந்தார்கள். வெள்ளைக்காரர் பெயர் ஹென்றிக். ஆறரை அடி. ஃபேன் அவருக்குப் பயந்து சுற்றியது.

வக்கீலம்மா விளக்கினார். "வெளிநாட்டுல ஒரு கமிட்டி மாதிரிச் சட்டம் எழுதுதுங்க. ஒருத்தருக்கு வர வேண்டிய பணத்தை அவர் இன்னொருத்தர் பேருக்கு மாத்திக் குடுத்துட்டு இப்பவே காசு வாங்கிக்கலாம். அதுக்கு எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி முறை வேணும். நீங்க இங்க ஏற்கெனவே செஞ்சிட்டிருக்கீங்க. சார் அதைத்தான் பாக்க வந்திருக்கார்."

"ம்" என்றேன்.

ஹென்றிக் என்னையே பார்த்தார். நான் சீட்டையே பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். வக்கீலம்மா சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஆழமான அனுபவம் இருக்கும்னு சார் சொல்றார்" என்றார்.

மறுக்கவில்லை.

பையிலிருந்து ஒரு படிவம் வந்தது. தமிழில்தான் இருந்தது. கல்வெட்டுத் தமிழ். விவசாயிகளுக்குப் புரிகிறதா என்று சோதிக்கிறார்களாம். 'யாரிடமிருந்து வரவேண்டும்' என்ற இடத்தில் நல்லதம்பி மாமா பெயரைச் சொன்னேன். 'யாருக்கு மாற்றப்படுகிறது' என்ற இடத்தில் ஹென்றிக் சிரித்தபடி தன் பெயரையே எழுதினார்.

"இந்த ஒரு சீட்டு மட்டுமா, இல்ல இனிமே வரப்போறதும் சேத்தாங்க? சட்டத்துல அதுக்கும் வழி இருக்கு" என்றார் வக்கீலம்மா.

"ம்."

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

"இந்த அறிவிப்பு மண்டிக்காரர் கைக்குப் போய்ச் சேந்தாதான் செல்லும். கிராமத்துக்குத் தபால் போக எத்தனை நாள் ஆவுதுன்னு சார் பாக்கணுமாம். ரிஜிஸ்தர்ல அனுப்புறோம். சும்மா மாதிரிக்குத்தான். அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுவீங்கல்ல?"

"ம்."

சொல்லியிருக்கலாம். பெண் கொடுக்கப் போகிறவரிடம் அநாவசியமாகப் பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவர் எனக்கு மாமனாராகப் போகிறவர் என்பதை இவர்களிடமும் சொல்லவில்லை. கேட்கவில்லையே.

பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். தபால் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. சரியாக நிச்சயத்தன்று காலை பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடிக்க வேண்டும். வேட்டி, சட்டை, மோதிரம் வைத்த மாப்பிள்ளைத் தட்டை மாமா கையில் எடுத்துவிட்டார். நான் கையை நீட்டிவிட்டேன். போட்டோக்காரர், "அப்படியே இருங்க" என்றார்.

"அண்ணே, ரிஜிஸ்தர்" என்றார் போஸ்ட்மேன்.

மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரித்தார். கல்வெட்டுத் தமிழ் அவருக்கு ஓடவில்லை. "மலரு, இங்க வாம்மா, இத படி."

பட்டுப்புடவையோடு வந்து, மண்டிச் சீட்டைப் படிக்கும் அதே குரலில் படித்தாள்.

"மேற்படி நல்லதம்பி என்பவரிடமிருந்து எனக்குத் தற்போது வரவேண்டியதும், இனிமேல் வரக்கூடியதும், எவ்வகையினதாயினும், அனைத்தையும் ஹென்றிக் என்பவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். இவ்வறிவிப்பு கிடைத்த பின் எனக்குக் கொடுப்பது கொடுத்ததாகாது. இப்படிக்கு, செல்லமுத்து."

செல்லமுத்து நான்தான்.

"யாரு மாப்ள இந்த ஹென்றிக்கு?"

மாமா தாளின் அடியில் விரலை வைத்தார்.

"நீங்க போட்ட கையெழுத்தா?"

"ம்."

"எங்கிட்டருந்து வர்றது எல்லாத்தயுமா?"

"ம்."

என் அம்மா குறுக்கே வந்தார். "எம்மவன் அப்புடியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டாண்ணே!"

"பேசலம்மா. எழுதியில்ல குடுத்திருக்காரு." மாமா மகளைப் பார்த்தார். "எவ்வகையினதாயினும்னா? பொண்ணும் சேத்தியா?"

மலர்க்கொடி மறுபடி ஒருமுறை தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். "எம்பேரு போடலப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா வுட்டுடவும் இல்ல."

மாமா தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இவருக்குக் குடுத்தா குடுத்ததாவாதுன்னு போட்டிருக்கு. நாளைக்கு அந்த ஹென்றிக்கு வந்து எனக்குக் குடுன்னு நின்னா? ஒரே தட்ட ரெண்டு பேருக்கு எப்புடிக் குடுப்பேன்? ஒரே பொண்ண?"

அவர் மண்டிக்காரர். நியாயமாகத்தான் கேட்டார். இருபது வருடத்தில் ஒரு சீட்டுக்கு இரண்டு பேருக்குப் பணம் கொடுத்ததில்லை. ஆட்கள் எழுந்து துண்டை உதறினார்கள். துண்டை உதறினால் கிளம்பப்போகிறார்கள் என்று அர்த்தம்.

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். "இன்னும் இருக்கா?" என்றாள்.

மூட்டை பற்றிக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது. முதல்முறையாக "ம்" சொல்லவில்லை.

"அவர கூட்டியாரேன்" என்றேன். "சாயந்தரத்துக்குள்ள."

புது வேட்டியோடு பஸ் ஏறினேன். பெரம்பலூரில் தங்கியிருந்த லாட்ஜில் அவர்கள் இல்லை. சிமென்ட் லாரிக்காரர்களின் சீட்டு முறையைப் பார்க்க அரியலூர் போயிருந்தார்கள். இன்னொரு பஸ். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கும் இடத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, ஹென்றிக் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

பேசினேன். அப்படி நான் அதுவரை பேசியதில்லை. ஏழு வாக்கியம் இருக்கும். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினேன்.

வக்கீலம்மா கையைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். ஹென்றிக் போண்டாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"என்னங்க சொல்றாரு?"

"அறிவிப்பு போய்ச் சேந்ததும் உங்க மாமனார் உங்களுக்குக் குடுக்க மறுத்துட்டார் இல்லையா? சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கோம், சரியா வேலை செய்யுதுங்கறார்." வக்கீலம்மா தயங்கினார். "ரொம்ப சந்தோஷமா இருக்கார்."

எனக்கு அழுகை வந்தது. மனிதர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்களுடைய வாடகைக் காரிலேயே செட்டிகுளம் வந்தோம். மணி மூன்று பத்து. மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். பேசக்கூடாது என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஹென்றிக்கும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வேலையைத் தொடங்கக் கூடாத நேரத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லையே என்று வருத்தப்பட்டாராம். அதையும் எழுதிக்கொண்டார். (போண்டா எண்ணெய் நோட்டில் ஒட்டியிருந்தது.)

நாலரை ஆனது. ஹென்றிக் எழுந்தார். எல்லாவற்றையும் எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"வாயால சொன்னா போதுமா?" என்றார் மாமா.

வக்கீலம்மா ஹென்றிக்கிடம் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார். "முறைப்படி உங்களுக்கு இன்னொரு அறிவிப்பு வரணும். தபால்ல."

"இன்னொரு ரிஜிஸ்தரா? ஒன்பது நாளா?" மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "யம்மா, நான் சீட்டு வச்சிருக்கிறவனுக்குக் குடுத்துப் பழக்கப்பட்டவன். இப்ப சீட்டு இந்த ஆள் கையில. இவருக்கே குடுத்துடுறேன். அப்புறம் அவரு யாருக்குக் குடுத்தா எனக்கென்ன?"

தட்டை எடுத்து ஹென்றிக் கையில் வைத்தார். ஹென்றிக் குனிந்து, இரண்டு கையாலும் பவ்வியமாக வாங்கிக்கொண்டார். போட்டோக்காரர் காலையிலிருந்து காத்திருந்தவர். படக்கென்று எடுத்துவிட்டார். பிறகுதான் தட்டு என் கைக்கு வந்தது. அதற்குள் ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

எங்கள் நிச்சயதார்த்த ஆல்பத்தில் மாப்பிள்ளைத் தட்டு வாங்கும் படம் ஒன்றுதான் உண்டு. அதில் மாப்பிள்ளை ஹென்றிக். நான் அவர் முழங்கைக்குக் கீழே, பாதி முகம்.

சில வருடம் கழித்து வக்கீலம்மா ஒரு கடிதம் போட்டார். குடும்பத்துக்குள் வரவேண்டியது எதுவும் இந்தச் சட்டத்தில் சேராது என்று ஒரு வரி சேர்க்க ஹென்றிக் பாடுபட்டாராம். ஏதோ ஒரு நாட்டுக்காரர் அப்படி எங்கேயும் நடக்காது என்று அந்த வரியை அடித்துவிட்டாராம். எங்கேயும் என்றால் செட்டிகுளமும் சேர்த்தியா என்று மலர்க்கொடி கேட்டாள்.

சண்டை வந்தால் இன்றைக்கும் அவள், "நான் ஹென்றிக்கு வூட்டுக்குப் போறேன். முறைப்படி அவருக்குத்தான் சேரணும்" என்பாள். ஹென்றிக் திருப்பிக் கொடுத்ததற்குத் தபால் இன்னும் வரவில்லை. அது உண்மைதான்.

போன மாதம் எங்கள் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். நல்ல பையன். அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடித்துப்போனது. மலர்க்கொடி காபித் தட்டை நீட்டப்போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"தம்பி, யாருக்காச்சும் எதையாச்சும் எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

பையன் கொஞ்சம் யோசித்தான்.

"ம்" என்றான்.

தட்டைத் திருப்பி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.