மூன்றாம் மிஷினைப் பிடித்த முனி

1989 மே மாதம் காரிமங்கலத்தில் மாம்பழத்தைவிட அதிகமாக விலைபோனது ஒரு முனி. மெயின் ரோட்டில் இருந்த அர்ச்சுனனின் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் அப்படி ஒரு கூட்டம். சந்தைக்கு வந்தவர்கள் கோழிக்கூடையோடு அங்கே நின்றார்கள். ஒகேனக்கலுக்குக் குளிக்கக் கிளம்பிய கிருஷ்ணகிரிக் குடும்பம் ஒன்று, அருவி எங்கே ஓடிவிடப் போகிறது என்று வேனை அங்கேயே நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டரை முனி பிடித்திருக்கிறதாம். பார்க்காமல் போனால் பிறவி வீணாகிவிடுமே!

இதற்கெல்லாம் ஆரம்பம் செருப்பு. தூசி ஆகாது, கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று மிஷின் விற்ற பெங்களூர் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். நம் ஆட்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னால் போதும், கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முதல் வாரம் வாசலில் மாவிலை கட்டினார்கள். அடுத்த வாரம் நிலையில் மஞ்சள் பூசினார்கள். அதற்கடுத்த வாரம் ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரை ஒருத்தி சொம்பில் பிடித்துப் பிள்ளையின் தலையில் தெளித்தாள். பிள்ளைக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

ஹாலில் நாலு மூலைக்கு ஒன்றாக நாலு கம்ப்யூட்டர்கள் இருந்தன, அதில் ஒன்று முதலாளி அர்ச்சுனனுடையது. நாலும் பக்கத்து ஏசி அறையிலிருந்த பெரிய மிஷினோடு கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கென்று ஒரு நம்பர், எங்கே வைத்தாலும் அந்த நம்பரை வைத்துத்தான் பெரிய மிஷின் அதை அடையாளம் கண்டுகொள்ளும். பெரிய மிஷினில் ஒரு புது சாப்ட்வேர். அங்கே உட்கார்ந்தபடியே நாலு மிஷினிலும் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம், நிறுத்தலாம், மறுபடி ஓட விடலாம். ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம், சரியாக இருந்தால் வைத்துக்கொள்வோம் என்று அர்ச்சுனன் சொல்லியிருந்தார். ஓட்டிக் காட்டுவதற்குக் கம்பெனி அனுப்பிய ஆள் மாது. அவன் எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்ப்பான். திறந்தால் குளிர் போய்விடுமாம்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு தென்கிழக்கு மூலையில் இருந்த மூன்றாம் மிஷின் நின்றுபோனது. திரையில் எழுத்து அப்படியே இருக்கும். எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

மாது உதட்டைப் பிதுக்கினான். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க மொதலாளி. எல்லாத்தையும் செக் பண்ணிட்டன். இது வேற சமாச்சாரம். கம்பைநல்லூர் பக்கம் ஒரு சித்தர் இருக்காராம், அவர வேணா கூப்புட்டுப் பாருங்க."

பெங்களூரிலிருந்து வந்தவனுக்குக் கம்பைநல்லூர்ச் சித்தரை எப்படித் தெரியும்? இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அர்ச்சுனன் பி.எஸ்சி. பௌதிகம். அவருக்கே தோன்றவில்லை.

மாயவச் சித்தர் வந்தார். அதுவரை வெள்ளாட்டுக்கு மந்திரித்துக்கொண்டிருந்தவர், ஒரே தாவலில் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டார். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். மோப்பம் பிடித்தார். "இந்த எடத்துல ஒரு புளியமரம் இருந்துச்சு. அதுல ஒரு முனி இருந்துச்சு. மரத்த வெட்டுனீங்க, முனிகிட்ட கேட்டீங்களா?" என்றார். மரம் இருந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை. தருமபுரி ஜில்லாவில் புளியமரம் இல்லாத இடம் எது?

பிறகு மணி அடித்தார். மூன்றாம் மிஷின் நின்றது. சங்கு ஊதினார். மிஷின் ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள். அர்ச்சுனனின் பௌதிகம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

அப்புறம் என்ன, வசூல்தான். ஆடு வந்தது, சேவல் வந்தது, பட்டு வேட்டி வந்தது. பழம் அரியும் பெண்களின் கூலியில் பூஜைக்கென்று பிடித்தார்கள். ராணியம்மாள் என்கிற கூலிக்காரி, குடிகாரப் புருஷன் திருந்தட்டும் என்று மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் போட்டாள். கம்ப்யூட்டர் முனிக்கும் சாராயக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். முனிக்கு எல்லா டிபார்ட்மெண்டும் உண்டு.

கேட்டவள் ஒருத்திதான். மூன்றாம் மிஷினில் சம்பளக் கணக்குப் போடும் இசபெல்லா. புருஷன் லாரி மோதி இறந்து இரண்டு வருஷம். மகளைத் தருமபுரியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் பிள்ளையின் படிப்பு அன்றோடு சரி. அதற்காக வாயை மூடிக்கொள்கிற ரகம் அல்ல அவள்.

"ஏங்க மாது, ஒரு சந்தேகம்" என்றாள், முதலாளி இருக்கும்போதே. "நீங்க டீ குடிக்க வெளிய வந்தா முனியும் டீ குடிக்கப் போயிடுது. நீங்க உள்ள போயி கதவ சாத்துனா அதுவும் வந்துடுது. ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட்டுங்களா?"

மாதுவின் முகம் செத்தது.

மறுநாளே சித்தருக்கு அருள் வந்தது. "இந்த மூலையில ஒக்கார்றவ கழுத்து வெறுங்கழுத்து! அமங்கலி கை பட்ட மிஷினு! இவ போனாத்தான் முனி போவும்!"

அர்ச்சுனன் இசபெல்லாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தப்பா நெனச்சிக்காத இசபெல்லா. வெள்ளிக்கெழம பெரிய பூஜை. அது முடிஞ்சதும் நீ நின்னுக்கோ."

"எம் புருசன் செத்ததுக்கு நானாங்க பொறுப்பு? லாரி ஓட்டுனவன் இன்னும் லாரி ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான். அவன யாரும் நின்னுக்கோன்னு சொல்லல. எம் பொண்ணுக்குச் சோறு முனி போடுமா?"

அழுகையை அவர் எதிரில் காட்டக் கூடாது என்று அவள் விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஏமாற்றுகிறவன் எப்போதும் யாரைப் பலி கொடுக்கிறான் பாருங்கள்: கேள்வி கேட்டவளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முனிக்கு வெட்டிய ஆடு குழம்பானது. முனி வரவில்லை. சித்தரும் மாதுவும் மற்றவர்களும் பின்கட்டில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். ஹாலில் யாரும் இல்லை. இசபெல்லா தன் மேஜையிலிருந்த மூன்றாம் மிஷினின் பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தாள். முதலாளியின் பெட்டியைத் தன் மேஜைக்குக் கொண்டுவந்தாள். கம்பிகளை மாட்டினாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒருவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பூஜை. ஹாலில் நிற்க இடமில்லை, ஜன்னலிலெல்லாம் தலைகள். மாது ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இசபெல்லா தன் மூலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "சாமி, முனி எந்த மிஷின்ல வரும்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி முன்னாடியே சொல்லிடுங்க."

"அக்கினி மூலையிலதான்! உன் மிஷின்லதான்! மொதலாளி மிஷினுக்கு நான் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கன், அத எந்தக் கொம்பனும் அண்ட முடியாது!"

மணி அடித்தது. சித்தர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். "புடிச்சிருச்சி! அக்கினி மூலையப் புடிச்சிருச்சி!"

இசபெல்லா தட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது.

"ஓடுதே சாமி" என்றாள்.

எதிர்மூலையில் அர்ச்சுனன் ஒரு விரலால் தட்டினார், பத்து விரலாலும் தட்டினார். அசையவில்லை. "சாமி, எலுமிச்சம்பழம் கட்டுன மிஷினு நின்னுபோச்சுங்களே!"

சித்தர் ஒரு கண்ணைத் திறந்தார். "தாவிருச்சி! முனி தாவிருச்சி!"

"முனி எங்கியும் தாவல. மத்தியானம் நீங்க கறி தின்னுக்கிட்டு இருந்தப்ப நான்தான் ரெண்டு பொட்டியையும் மாத்தி வெச்சன். உங்க முனிக்கு அக்கினி மூலையும் தெரியல, எலுமிச்சம்பழமும் தெரியல, என் வெறுங்கழுத்தும் தெரியல. மூணாம் நம்பர் மட்டும்தான் தெரியுது. ஏன்னு இப்ப பாப்பமா?"

எழுந்துபோய் ஏசி அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே மாது கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில் ஒன்று முதல் நாலு வரை எண்கள். மூன்றுக்கு நேராகப் பூட்டியதற்கான அடையாளம். இத்தனை தலைகளையும் ஒரே நேரத்தில் பார்த்தவன் அலறிவிட்டான்.

"மாமா! ஓடுங்க மாமா!"

அட, சித்தர் தாய்மாமன்! மாமா ஓடத்தான் பார்த்தார். பட்டு வேட்டி தடுக்கி, கழற்றிவைத்த செருப்புக் குவியலில் விழுந்தார். ராணியம்மாள் அவர் மடியில் கை விட்டு மூக்குத்தியை எடுத்துக்கொண்டாள். எடுத்துவிட்டு ஓர் அறையும் விட்டாள்.

மாதுவை எழுப்பிவிட்டு இசபெல்லா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டினாள். ஹாலில் நாலு மிஷினும் நின்றன. மறுபடி தட்டினாள். நாலும் ஓடின. மணியும் இல்லை, சங்கும் இல்லை.

"சாப்ட்வேர் சரியா இருக்குதான்னு பாக்கத்தான ஒரு மாசம் கேட்டீங்க மொதலாளி? சரியாத்தான் இருக்குது. யாரு ஒக்காந்தாலும் சொன்னபடி கேக்குது. நீங்கதான் யாரு ஒக்காந்திருக்கான்னு ஒரு நாளும் எட்டிப் பாக்கல."

அர்ச்சுனன் தொண்டையைச் செருமினார். "நீ நாளைக்கு வேலைக்கு வந்துரு இசபெல்லா."

"நான் இன்னும் போவவே இல்லீங்க. பழம் அரியற பொம்பளைங்க கூலியில புடிச்சத மொதல்ல குடுத்துடுங்க. கணக்கு என் மிஷின்ல இருக்குது."

இந்த இடத்தில் கதையை முடித்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாதா? கூட்டத்தில் ஒருத்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நாலு மிஷினையும் ஒரே தட்டுல நிறுத்திட்டாளே! அந்த முனியே இவளுக்குக் கட்டுப்பட்டுடுச்சி!" என்றான். இன்னொருத்தி, "ஆத்தா, எங்க வூட்டு மாடு பால் கறக்க மாட்டேங்குது, கொஞ்சம் தட்டி விடு" என்று இசபெல்லாவின் காலில் விழுந்தாள். பின்னாலேயே பத்துப் பேர் விழுந்தார்கள்.

இசபெல்லா காலை இழுத்துக்கொண்டாள். அதுவரை வராத கோபம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"எந்திரிங்க! நேத்து வரைக்கும் வெறுங்கழுத்துன்னு என்னைத் தொரத்துனீங்க, இன்னிக்கு ஆத்தாங்கறீங்க. நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணுதான், கதவத் தெறந்தன். இனிமே எவனாச்சும் கதவ சாத்திக்கிட்டு அதிசயம் காட்டுனா, கும்புடறதுக்கு முன்னாடி கதவத் தெறந்து பாருங்க. கும்புட்ட கையிக்கு ஒரு கதவத் தள்ளத் தெரியாதா?"