வெள்ளை ஓரத்து இலை

அறிவியல் டீச்சர் பீரோவைத் திறந்தாள். உள்ளே செடியைக் காணோம்.

இரண்டு நாள் இருட்டில் கிடந்து, இலையிலுள்ள மாவுச்சத்தெல்லாம் தீர்ந்திருக்க வேண்டிய செடி. அப்போதுதான் பச்சையமும் வெயிலும் சேர்ந்து உணவு தயாரிப்பதைப் பிள்ளைகளுக்கு நிரூபிக்க முடியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் பள்ளி ஆய்வாளர் வந்துவிடுவார். பாடம் நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஆயா! இங்க இருந்த செடி எங்க?"

"ஜன்னல்ல இருக்கு டீச்சர். யாரோ பாவி, வாயில்லா ஜீவனைப் பூட்டி வச்சிருக்கான். ரெண்டு நாளா நல்ல வெயில் காட்டி, வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தறேன்."

"இலையில வெயில் படாம மறைக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்துச்சே?"

"அதையும் பிச்சுப் போட்டுட்டேன்" என்றாள் ஆயா பெருமையாக.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் தலைமையாசிரியரின் அறை வாசலில் இருந்த தொட்டி கண்ணில் பட்டது. பச்சை இலை, வெள்ளை ஓரம். வெள்ளையில் பச்சையம் கிடையாது, மாவுச்சத்தும் இருக்காது. இருட்டே வேண்டாம்! ஆனால் அந்தச் செடி அவருக்கு உயிர். ஒரு வார லீவு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறார். ஆனது ஆகட்டும் என்று ஓர் இலையைக் கிள்ளினாள்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் ஆய்வாளர், பக்கத்தில் தலைமையாசிரியர். டீச்சர் இலையைத் தூக்கிக் காட்டியதும் தலைமையாசிரியரின் முகம் சிவந்தது.

"அது என் செடியாச்சே!"

"பாடம் நடக்கட்டும் சார்" என்றார் ஆய்வாளர்.

இலையைக் கொதிநீரில் போட்டாள். நீர் கொஞ்சம் கலங்கியது. அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு, சூடான ஸ்பிரிட்டில் பச்சையமெல்லாம் இறங்கி இலை வெளுத்தது.

"இப்ப அயோடின் விடறேன். பச்சையா இருந்த இடம் மட்டும் மாவுச்சத்தால நீலமாகும். வெள்ளை ஓரம் ஆகவே ஆகாது."

மொத்த இலையும் ஓரம் வரை கருநீலமானது.

ஆய்வாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஓரத்துல பச்சையமே இல்லன்னீங்க. அப்புறம் அங்க யாரும்மா சமைச்சது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேக்காம பிச்சதும் இல்லாம, பாடமும் தப்பா?" தலைமையாசிரியர் குதித்தார். "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்!"

வாசலில் நின்றிருந்த ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர் பாடம் சரிதாங்க! பெரிய சார் செடி அவர் லீவுல போன மறுநாளே பட்டுப்போச்சு. இது வேலியோரத்துச் செடி, ஓரத்துக்குச் சுண்ணாம்பு தீட்டினது இன்னைக்குக் காலையில நான்தான்."