தறிக்கூடத்தில் யாரும் விழவில்லை

சேவூர் ரோட்டில் இருக்கும் பட்டுத் தறிக்கூடத்தில், தொழிலாளர் நலன் கருதி, இனி யாரும் விழக்கூடாது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. இந்த மகத்தான பொறுப்பு மேலாளர் நேமிகுமாரின் தலையில் இறங்கியது. 'வீழ்ச்சித் தடுப்பு அலுவலர்' என்று எழுதிய அட்டை ஒன்று கழுத்தில் மாட்ட வந்தது. அதை அவர் கண்ணாடி முன் நின்று இரண்டு தரம் சரிசெய்துகொண்டார். மனைவி சிரித்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டு நெசவாளர்களுக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்தார்கள். கட்டியிருப்பவர் சட்டென்று கீழே போனால் பெல்ட் அலறும். நேமிகுமாரின் போனும் அலறும். அவர் ஓடிப்போய்ப் பார்த்து, நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்.

குழித்தறியில் நெய்கிறவர்கள் குழிக்குள் காலை விட்டுத்தான் உட்காருவார்கள். இது பெல்ட்டுக்குத் தெரியாது. முதல் நாள் பதினொரு மணிக்குள் நாற்பத்தொரு 'வீழ்ச்சி'.

"சகாயம்மா, விழுந்துட்டீங்களா?" என்று குழிக்குள் இருந்த நெசவாளரிடம் நேமிகுமார் மூச்சிரைக்கக் கேட்டார்.

"உக்காந்தேன் சார். உக்காராம எப்படி நெய்யறது?"

"விழுந்தீங்கன்னு பெல்ட் சொல்லுதே!"

"அப்போ அதையே நெய்யச் சொல்லுங்க. சாயப்பட்டறை படியில பாசி புடிச்சிகினு கெடக்குது, அத்தப் பாருங்க முதல்ல."

நேமிகுமார் படிவத்தைப் புரட்டினார். பாசிக்குக் கட்டம் இல்லை. அவள் சொல்வது சரி என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததை எழுதவும் கட்டம் இல்லை.

இத்தனை வீழ்ச்சியா என்று தலைமை அலுவலகம் சீறியது. அன்று மாலையே நேமிகுமார் சுற்றறிக்கை போட்டார்: 'மறு உத்தரவு வரும்வரை எவரும் உட்காரலாகாது.' தினச் சம்பளம் என்பதால் எவரும் மறுக்கவில்லை. ஒரு வாரம் எல்லோரும் நின்றுகொண்டே ஊர்க்கதை பேசினார்கள். ஒரு முழம்கூட நெய்யவில்லை, ஒருவரும் விழவுமில்லை. தலைமை அலுவலகம் பூரித்துப்போய் கேடயம் அறிவித்தது. விழாவும் உண்டு, வடை பாயசத்தோடு சாப்பாடும் உண்டு.

விழாவுக்கு முந்தின நாள், சாயப்பட்டறையைப் பார்வையிடப் போன நேமிகுமார், பாசியில் கால் வைத்து மூன்று படி சறுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தார். அவர் இடுப்பிலும் பெல்ட் இருந்தது. படிப்படியாகப் போனதால் அது முனகக்கூட இல்லை.

"ஐயோ, சார் விழுந்துட்டாரு!" என்று சகாயம்மாள் ஓடிவந்தாள். பின்னாலேயே நெசவாளர் ஜெகநாதனும் வந்தார்.

முழங்கை வலியில் நேமிகுமாருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணிலும் கேடயம் தெரிந்தது. "கத்தாதீங்க. நான் விழலை. பெல்ட் அடிச்சுதா?"

"அப்போ இன்னா சார் பண்றீங்க இங்க?" என்றார் ஜெகநாதன்.

"உக்காந்துகினு இருக்கேன்."

"உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே சார்..." என்று ஆரம்பித்த சகாயம்மாள், வடை பாயசத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

'மேலாளர் சிறப்பு அனுமதியின்பேரில் அமர்ந்திருந்தார்' என்று ஜெகநாதன் எழுத, பதினெட்டுப் பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "எங்க விழுந்தீங்க?"

"விழலைங்க. உட்கார்ந்தேன்" என்று நேமிகுமார் காகிதத்தை நீட்டினார்.

டாக்டர் பதினெட்டுக் கையெழுத்தையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவு உயரத்திலேர்ந்து உட்கார்ந்தீங்க?"

"மூணு படி."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.