முகவாயால் காட்டிய கொடி

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே நலம் என்று பேனா தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். சகலைக்கு முட்டிவலி தேவலையா? நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் "நல்லாருக்கேன், சாப்ட்டேன்" என்று வைத்துவிடுகிறேனே, அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் குரல் அப்படியே உன் அக்கா குரல், போனில் இன்னும் மோசம். அதனால்தான் கடிதம். ஓர் உதவி வேண்டும். அவரைக்கொடி விஷயம்.

உனக்குத் தெரியும், ஓய்வு பெறும்வரை நான் கிடங்குக்காரன். என் கிடங்கில் சீட்டு ஒட்டாத ஆணி ஒன்று கிடையாது. உன் அக்கா படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பின்பக்கப் பந்தலடியில் நாலு குழியில் நாலு விதமான விதை ஊன்றினாள். பேர் எழுதி நடலாமே என்று குச்சியும் மார்க்கர் பேனாவுமாகப் போனேன். "உங்க கிடங்கு வேலைய இங்க காட்டாதீங்க. என் செடி மூஞ்சி எனக்குத் தெரியும்" என்றாள். மூஞ்சி தெரிந்தவள் போய்விட்டாள், செடிகள் நிற்கின்றன.

கடைசி வாரம் பின்னறைக் கட்டிலில் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொடிகள் அப்போதுதான் பந்தலைப் பிடித்திருந்தன. முகவாயை அந்தப் பக்கம் தூக்கி, "அதை மட்டும் பறிச்சுடாதீங்க. விதைக்கு விட்டுடுங்க" என்றாள். உன் அக்கா கையை நீட்டி எதையாவது காட்டி நீ பார்த்திருக்கிறாயா? உப்பு டப்பாவிலிருந்து வாசலில் போகிற ஆள்வரை எல்லாவற்றுக்கும் முகவாய்தான். நான் வேறு எதையாவது எடுத்து வருவேன், ஒரு பார்வை பார்ப்பாள், போய் மாற்றி எடுத்து வருவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது. அன்றைக்கும் எது என்று தெரியாமலே "சரிம்மா" என்று தலையாட்டினேன், தப்பாகப் புரிந்துகொண்டால்தான் பார்த்து மாற்றிவிடுவாளே என்ற தைரியம். மறுநாள் அவளுக்குப் பேச்சு இல்லை.

சரி, பெயரையாவது கண்டுபிடிப்போம் என்று பெரியவன் ஏற்றிக்கொடுத்த போன் ஆப்பில் இலையைப் படம் எடுத்தேன். காலையில் சோயா என்றது, மத்தியானம் அதே இலையைத் திராட்சை என்றது. நர்சரிக்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். "மூணு மூணு இலையா இருக்கு, அவரை சாதிதான் சார். காய் வந்தாத்தான் எந்த அவரைன்னு சொல்ல முடியும்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். காயும் வந்தது. ஒன்று பச்சையாகப் பட்டையாக, ஒன்று ஊதா, ஒன்று குட்டையாகக் கொழுகொழுவென்று, ஒன்றுக்கு ஓரத்தில் மட்டும் சிவப்புக் கரை. மறுபடி வந்து நாலுக்கும் பெயர் சொன்னார். நானும் ஆசை தீரச் சீட்டு எழுதிக் கட்டினேன். கட்டிவிட்டு நின்று பார்த்தபோதுதான் உறைத்தது, பெயர் தெரிந்து என்ன செய்ய, அவள் எதைக் காட்டினாள் என்பது எந்தச் சீட்டிலும் இல்லையே.

அப்புறம் அவள் இடத்தில் படுத்துப் பார்த்தேன். ஒரு தலையணை வைத்து முகவாயைத் தூக்கினால் ஊதா நேராக வருகிறது. இரண்டு வைத்தால் பட்டை. இருமலுக்காக அவளுக்கு எத்தனை தலையணை அடுக்கினோம் என்று ஞாபகமே வரமாட்டேன் என்கிறது. சுருட்டிய போர்வை ஒன்றும் இருந்த மாதிரி நினைவு, ஆனால் போர்வையையும் வைத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. அந்த வீட்டுத் தையற்காரம்மா, நான் ஜன்னலைப் பார்த்து முகவாயை ஆட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, எனக்குக் கழுத்து இழுத்துக்கொண்டது என்று பெரியவனுக்குப் போன் போட்டுவிட்டார். அவன் பதறிப்போய்க் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். "எல்லாம் அவரைக்காய்தானப்பா, பறிச்சு சாப்பிடுங்க" என்றான். கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். பாவம், அவனும் அம்மாவை இழந்தவன்தானே.

அதனால் நான் எதையுமே பறிப்பதில்லை. பந்தல் கொள்ளாமல் தொங்குகிறது. தையற்காரம்மாதான் தினம் வேலியோரம் வந்து, "அண்ணா, எல்லாம் முத்தி நாராப் போகுது. ஒவ்வொண்ணுலயும் நாலு காய விதைக்கு விட்டுட்டு மிச்சத்தப் பறிங்களேன்" என்கிறார். நியாயம்தான். ஆனால் அவள் நாலு காயை விடு என்று சொல்லவில்லையே, பறிக்காதே என்றல்லவா சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா ஒன்றைக் கிள்ளிவிட்டார். அது ஊதாவாகப் போயிற்று. அவரிடமே நூல் வாங்கி அந்தக் காயைக் கொடியில் திரும்பக் கட்டினேன். அந்தம்மா சிரிக்கப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு, நூல்கண்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீயும் அவளும் சாயந்திரமானால் மணிக்கணக்காகச் செடிக் கதைதான் பேசுவீர்கள். எது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நாலு கொடியிலிருந்தும் ஒவ்வோர் இலையை மடித்து, சீட்டு ஒட்டி, இத்துடன் வைத்திருக்கிறேன். எது என்று ஒரு வரி எழுது. மற்ற மூன்றையும் பறித்துத் தையற்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு மனுஷனாக நடமாடுவேன்.

சகலைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உன் அக்காவும் நானும் வாழ்த்துகிறோம். பழக்கதோஷம், இதையும் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நீ எழுதிவிட்டால் மற்ற மூன்றும் வெறும் அவரைக்காய் ஆகிவிடும். இப்போதைக்கு நாலுமே அவள் காட்டியதாக நிற்கின்றன. கவரிலிருந்து இலைகளை வெளியே எடுத்துவிட்டேன், கொடியில் கட்டிய சீட்டுகளையும் அவிழ்த்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதே.