மண்ணெண்ணெய் முடிந்த பிறகு

எங்கள் தெருவில் முப்பது வருடமாக எந்தப் படத்திலும் ஒருவரும் சாகவில்லை. அதற்குக் காரணம் கிளைமாக்ஸ் அண்ணை. கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிறவர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். என் அம்மாவுக்கும் அவர் அண்ணை, எனக்கும் அண்ணை.

சண்டைக் காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. படம் பார்ப்பதென்றால் யாராவது ஒரு முற்றத்தில் ரீவியையும் வீடியோ டெக்கையும் வைத்து, ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓடவிட வேண்டும். மண்ணெண்ணெயோ மருந்துபோலத்தான் கிடைக்கும். படம் மூன்று மணித்தியாலம் ஓடும், எண்ணெய் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். வில்லன் கதாநாயகியைக் கட்டிவைத்துச் சிரிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். அப்போதுதான் இவர் எழும்புவாராம்.

"ஒருத்தரும் போகாதேங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."

கையில் சைக்கிள் பம்ப் இருந்தால் அது வாள், இல்லாவிட்டால் கையே வாள். அவர் சொல்லும் முடிவில் குருடருக்குப் பார்வை வரும். வில்லன் திருந்துவான், அவனுக்கும் இரண்டு ஏக்கர் வயல் கிடைக்கும். கடைசியில் எல்லோரும் பந்தியில் இருந்து சாப்பிடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு சைக்கிள் வரும். அரசர் காலத்துப் படத்திலும் வந்ததாம். யாரோ கேட்டதற்கு, குதிரைக்குக் கால் நொந்துபோச்சு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

அவர் கொழும்பில் இருந்தபோது எல்லாப் படத்தையும் பார்த்து முடித்தவர் என்று சனம் நம்பியது. அவர் கொழும்புக்கே போனதில்லை.

போன வருடம் எங்கள் நகரத்துத் தியேட்டரில் ஞாயிறு காலையில் பழைய படங்கள் போடத் தொடங்கினார்கள். தெருவே லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப் போனது. அந்த முதல் காலையை நான் மறக்கமாட்டேன். பாட்டு வந்ததும் திரையில் பாடியவரின் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. சனம் அவ்வளவு சத்தமாகப் பாடியது. ஆனால் சரியாக இரண்டு மணித்தியாலம் ஆனதும் எங்கள் தெருச் சனம் முழுவதும் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்பிவிட்டது. பின்வரிசைக்காரர்கள் ஏசினார்கள். படம் இன்னும் ஓடுகிறது என்று சொல்லி ஒவ்வொருவராக இருத்த நான் பட்ட பாடு பெரிய பாடு.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதனால் தெருவில் எதற்கும் தீர்ப்புச் சொல்கிறவனும் நான்தான். கிளைமாக்ஸ் அண்ணை சொன்ன முடிவும் திரையில் வரும் முடிவும் ஒன்றா என்று கொப்பியில் எழுதும் பொறுப்பைத் தந்தார்கள். நானும் கோடு போட்டு, சரி, பிழை என்று எழுதினேன். முதல் படத்தில் கதாநாயகனின் குருட்டுத் தங்கச்சிக்கு உண்மையாகவே பார்வை வந்தது. அண்ணை ஒரு கிழமை தரையில் நடக்கவில்லை. இரண்டாவது படத்தில் வில்லன் திருந்தாமல் வெடிபட்டுச் செத்தான்.

"இது இந்தியாப் பிறின்ட். எங்களுக்கு வந்தது வேறை," என்றார். சனம் அதையும் ஏற்றுக்கொண்டது.

பிறகு ஒரு நாள் தியேட்டர் வாசலில் அந்த ஸ்ரேசன் படத்தின் நோட்டீஸை ஒட்டினார்கள். ஊரைவிட்டுப் போனவனுக்காக ஒருத்தி ஒவ்வொரு நாளும் ரயில் ஸ்ரேசனில் காத்திருக்கிற கதை. நோட்டீஸைப் பார்த்த அண்ணைக்கு முகம் செத்துப்போனது.

காரணம் தெருவுக்கே தெரியும். முப்பது வருடத்துக்கு முன் அந்தப் படம் பாதியில் நின்றபோது முற்றத்தில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். அவளுக்காகவே இவர் எழும்பி, கடைசி ரயிலில் அவனைக் கொண்டுவந்து இறக்கினார். அந்தப் பெண்தான் சரசக்கா. மூன்று மாதத்தில் இவர்களுக்குக் கலியாணம். நான் அப்போது பிறக்கவில்லை, அம்மா அந்த முற்றத்தில் இருந்தவர்.

அந்தக் கிழமை முழுவதும் அண்ணை படாத பாடுபட்டார். தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றார். தனக்குக் காய்ச்சல் என்றார். ஞாயிறு காலையில் லான்ட்மாஸ்ரர் பெல்ட்டைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அது அவருடைய சேர்ட்டுக்குள் இருந்தது. கடைசியில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச பொடியன். கடைசி ரயில் வரமுன்னம் ஏதேன் சொல்லிச் சரசுவை வெளியிலை கூட்டிக்கொண்டு போ."

"பொய் சொல்லச் சொல்லாதேங்கோ அண்ணை," என்றேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

படம் ஓடியது. கடைசி ரயில் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. அவள் ஸ்ரேசன் மரவாங்கில் தனியாக இருக்க, வணக்கம் போட்டு வெளிச்சத்தைப் போட்டார்கள். எங்கள் தெருச் சனம் ஒருவர் மிச்சமில்லாமல் அண்ணையைத் திரும்பிப் பார்த்தது. அண்ணை தன்னுடைய சேர்ட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரசக்கா கண்ணைத் துடைத்தார். "ஏன் பேசாமல் இருக்கிறியள்? எழும்பி மிச்சத்தைச் சொல்லுங்கோவன்."

"சரசு... அவன் வரேல்லை."

"எனக்குத் தெரியாதே? பத்து வயசிலை வவுனியாவிலை மாமியோடை பாத்த படம். அவன் வரமாட்டான் எண்டு தெரிஞ்சுதான் அண்டைக்கு அழுதனான். நீங்கள் எழும்பி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தியள். அதுக்குத்தானே உங்களைக் கட்டினனான்."

அண்ணை எழும்பி, வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் நின்றார். வேறு ஊர்ச் சனமும் திரும்பி வந்து இருந்தது. தியேட்டரைக் கூட்ட வந்தவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். அண்ணை வாயாலேயே ரயிலைக் கொண்டுவந்தார், புகை விட்டார், பெட்டி பெட்டியாகச் சனத்தை இறக்கினார். கடைசியாக அவன் இறங்கினான். எழும்பிய விசில் சத்தத்தில் பந்திச் சாப்பாடு ஒருவருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். பசு கன்று போடும் நிலையில் இருந்ததால் அம்மா படத்துக்கு வரவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் குசினிக்குள்ளிருந்து கேட்டார்.

"தம்பி, அவன் வந்தவனே?"

கொப்பியில் அந்தப் படத்துக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஓமம்மா, வந்தவன். கடைசிப் பெட்டியிலை. சைக்கிளோடை."